கம்ப்யூட்டர் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டால்...



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு ஊக்குநர் எழுந்து, "எங்க குழுவுல இருக்கிற பழைய கம்ப்யூட்டர் நாலு நாளா பாஸ்வேர்டு கேக்குதுக்கா. நாங்க யாருமே பாஸ்வேர்டு வைக்கல. கடைக்குத் தூக்கிட்டுப் போயிரவா?" என்று கேட்டார். அவர் உட்காருவதற்குள் இன்னும் மூன்று பேர், "எங்களுக்கும் இப்படி ஆயிருக்கு" என்றார்கள். அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம். கம்ப்யூட்டர் பழகாத உறுப்பினர்களும் தள்ளிவிடாமல் படியுங்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது உங்கள் சேமிப்பும் உங்கள் கடன் கணக்கும்தான்.

நமக்கு நடந்த கதை

2012-ஆம் ஆண்டு. நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் அப்போது இருந்தது விண்டோஸ் எக்ஸ்.பி. போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் யூ.பி.எஸ். 'கீ' என்று கத்தும். இரண்டு நிமிடம் உறுமிவிட்டு, நேராகப் பச்சைப் புல்வெளிப் படத்துக்குப் போய்விடும். பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. ஒரு சனிக்கிழமை காலை அந்தப் புல்வெளி வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மேலே 'யூசர் நேம்', கீழே 'பாஸ்வேர்டு'.

திங்கட்கிழமை வங்கியில் 11 குழுக்களின் சேமிப்பு, உள்கடன் விவரத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் கடன் மனு மேலே போகும். அந்த விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டாள். போன் போட்டால் 'சுவிட்ச் ஆஃப்'. நாங்களே உட்கார்ந்து அடித்துப் பார்த்தோம். 1234, கூட்டமைப்பின் பெயர், அந்தப் பெண்ணின் பெயர், ஊர் அம்மன் பெயர்கூட. ஒன்றும் திறக்கவில்லை.

மதியம் டவுனிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கடைத் தம்பியைக் கூட்டிவந்தோம். அவர் பார்த்த மாத்திரத்தில், "ஃபார்மேட் அடிச்சா சரியாயிரும்க்கா, அரை மணி நேரம்" என்றார். நம் பொருளாளர் அக்கா கைநாட்டு வைத்துக் குழுவில் சேர்ந்து, அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அடிச்சா கணக்கு இருக்குமா தம்பி?" தம்பி கொஞ்சம் யோசித்து, "சி டிரைவ்ல இருக்கிறது மட்டும் போயிரும். டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்றார். நம் கணக்கு எந்த டிரைவில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. "தெரியாம எதையும் அழிக்கக் கூடாது. நீ போயிட்டு வா சாமி" என்று அக்கா அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "கூட்டமைப்புக் கணக்கெல்லாம் அழிஞ்சு போச்சாமே" என்று சொல்ல, ஞாயிறு காலையில் மூன்று பேர் சேமிப்புப் பாஸ் புத்தகத்தோடு வாசலில் நின்றார்கள். "எங்க பணம் எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். கையால் எழுதும் பேரேட்டைத் திறந்தால் டிசம்பரோடு நின்றிருந்தது. கம்ப்யூட்டர் வந்த தெம்பில் நாங்கள்தான் எழுதாமல் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு. பாஸ்வேர்டு கேட்டதைவிட அந்த வெற்றுப் பக்கத்தைக் காட்டி நின்றதுதான் எங்களுக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிறு மாலை, பக்கத்து ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் டீச்சர் ஒருவர் வந்தார். வந்தவர் கீபோர்டைத் தொடவில்லை. "பாஸ்வேர்டு எப்பவாவது வச்சீங்களா?" என்றார். இல்லை என்றோம். "போன வாரம் புதுசா ஏதாவது போட்டீங்களா?" என்றார். வியாழக்கிழமை ஒரு பையன் வந்து ஏதோ பில் போடும் சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அப்ப பாஸ்வேர்டு கட்டத்துல எதையும் அடிக்காம சும்மா எண்டர் தட்டுங்க" என்றார். தட்டினோம். புல்வெளி வந்தது. எல்லோரும் சிரித்தோம். பொருளாளர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடு" என்றார்.

ஏன் அப்படி ஆனது?

விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஒரே ஒருவர் பெயர் மட்டும் இருந்து, அவருக்குப் பாஸ்வேர்டும் இல்லையென்றால், கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். இரண்டாவதாக ஒரு பெயர் சேர்ந்துவிட்டால், 'நீ யார்?' என்று வாசலில் நிறுத்திக் கேட்கும். அந்தக் காலத்துச் சாஃப்ட்வேர் பலவற்றுக்கு 'டாட் நெட் ஃபிரேம்வொர்க் 1.1' என்ற துணைச் சாஃப்ட்வேர் வேண்டும். அதை ஏற்றும்போது 'ஏ.எஸ்.பி. நெட்' என்ற பெயரில் ஒரு கணக்கு தானாகவே உண்டாகிவிடும். அது ஆள் இல்லை, கம்ப்யூட்டர் தன் வேலைக்காக வைத்துக்கொள்ளும் பெயர். ஆனாலும் இரண்டாவது பெயர் என்பதால் வாசலில் கேள்வி வந்துவிட்டது. வைரஸும் இல்லை, யாரும் பூட்டவும் இல்லை. நாம் பாஸ்வேர்டே வைக்காததால் சரியான விடையும் வெற்றுக் கட்டம்தான்! நாங்கள் அம்மன் பெயரை அடித்தால் எப்படித் திறக்கும்?

அதனால் முதலில் செய்ய வேண்டியது இது. நீங்கள் பாஸ்வேர்டு வைத்ததே இல்லை என்றால், கட்டத்தை வெறுமையாக விட்டு எண்டர் தட்டுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் தெரிந்தால், நீங்கள் வழக்கமாகப் போகும் பெயரையே கிளிக் செய்யுங்கள். வைத்த பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் 'கேப்ஸ் லாக்' விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மடிக்கணினியாக இருந்தால் 'நம் லாக்' விழுந்திருக்கலாம். சில மாடல்களில் அது விழுந்தால் வலது கைப் பக்கத்துச் சில எழுத்துகள் எண்களாக மாறிவிடும். விண்டோஸிலேயே உள்ள தமிழ் கீபோர்டைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பாஸ்வேர்டு திரையில் கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறது என்பதை 'இ.என்.' அல்லது 'டி.ஏ.' என்று இரண்டு ஆங்கில எழுத்தில் காட்டும். 'டி.ஏ.' என்றால் தமிழ். நீங்கள் ஆங்கிலம் என்று நினைத்து அடிப்பது உள்ளே தமிழாகப் போய்க்கொண்டிருக்கும். புள்ளி புள்ளியாகத்தானே தெரிகிறது, நமக்கு எப்படித் தெரியும்?

விண்டோஸ் 98 இன்னும் எங்காவது மூலையில் ஓடிக்கொண்டிருந்தால், அதில் வரும் பாஸ்வேர்டு பெட்டி பூட்டே இல்லை. 'கேன்சல்' கொடுத்தாலே உள்ளே விட்டுவிடும்.

எந்த நேரத்தில் கேட்கிறது என்று பாருங்கள்

சுவிட்சைப் போட்டவுடனே, விண்டோஸ் சின்னம் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையிலோ நீலத் திரையிலோ 'எண்டர் பாஸ்வேர்டு' என்று கேட்டால் அது வேறு பூட்டு. அது 'பயாஸ்' பாஸ்வேர்டு. விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதற்கு ஃபார்மேட் அடித்தாலும் திறக்காது. கணக்கு போவதுதான் மிச்சம். மேசைக் கம்ப்யூட்டர் பலவற்றில், மதர்போர்டில் இதற்கென்று உள்ள ஒரு சின்ன ஜம்பரை மாற்றி வைத்து, தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். மடிக்கணினியில் பெரும்பாலும் அப்படி முடியாது. அதைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு, வாங்கிய பில்லோடு போக வேண்டும். பில் ஃபைலில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் இன்னொரு கறுப்புத் திரையும் வரும். தேதி, நேரம் சரியில்லை, 'எஃப்1' தட்டு என்று ஆங்கிலத்தில் நிற்கும். இதையும் பாஸ்வேர்டு கேட்கிறது என்று நினைத்துப் பயந்த குழுக்கள் உண்டு. மதர்போர்டில் காசு வடிவில் ஒரு பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்பது பெரும்பாலும் அதன் எண். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். சில வருடத்தில் தீர்ந்துவிடும். எஃப்1 தட்டி உள்ளே போய்விடலாம், ஆனால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் கணக்கு போட்டால், இந்த மாதத் தவணை எப்போதோ கட்டியதாகப் பதிவாகிவிடும். தணிக்கைக்கு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வது? விலை அதிகம் இல்லாத பேட்டரி, உடனே மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் சின்னம் வந்த பிறகு கேட்டால்தான் அது விண்டோஸ் பாஸ்வேர்டு. நிஜமாகவே யாரோ வைத்து, அது மறந்துபோயிருந்தால்? எக்ஸ்.பி.யில் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் கிளம்பும்போதே எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 'சேஃப் மோட்' கொடுத்தால் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயர் தெரியும். பல கம்ப்யூட்டர்களில் அதற்குப் பாஸ்வேர்டு வைத்திருக்க மாட்டார்கள். உள்ளே போய், முதலில் கணக்குகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பிறகு கண்ட்ரோல் பேனலில் 'யூசர் அக்கவுண்ட்ஸ்' பகுதியில் மறந்த பாஸ்வேர்டை மாற்றலாம். விண்டோஸ் 7 முதல் அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரை வழக்கமாக முடக்கியே கொடுக்கிறார்கள், அதனால் இந்த வழி அதில் நடக்காது. எதுவானாலும் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இரண்டு பேராவது பக்கத்தில் இருக்கட்டும். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்கள்.

கடைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எல்லாம் பார்த்தும் திறக்கவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். போகலாம், தப்பில்லை. ஆனால் 'திறந்து குடு' என்று சொல்லாதீர்கள். 'முதல்ல கணக்கை வெளியே எடுத்துக் குடு, அப்புறம் என்ன வேணா செய்' என்று சொல்லுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு என்பது வீட்டு வாசல் கதவுக்குப் போட்ட பூட்டு. உள்ளே இருக்கிற அரிசிப் பானைக்குப் பூட்டு கிடையாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ் சி.டி. அல்லது பென் டிரைவ் போட்டுக் கிளப்பினாலோ, விண்டோஸைத் திறக்காமலேயே ஃபைல்களைப் பார்த்து நகல் எடுத்துவிடலாம். இது பெரிய வித்தை இல்லை, தொழில் தெரிந்த கடைக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரம் பிடிக்கும் என்பதால்தான் சிலர் நேராக ஃபார்மேட்டுக்குப் போகிறார்கள். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

'சி டிரைவ் மட்டும்தான் போகும்' என்ற பேச்சில் நாம் ஏமாறக் கூடாது. திரையில் கண்ணுக்கு முன்னால் தெரிகிற ஃபைல்களும், 'மை டாகுமெண்ட்ஸ்' உள்ளே இருப்பவையும் வழக்கமாக அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன. எக்ஸ்.பி.யில் 'டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரிலும், விண்டோஸ் 7-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரிலும் அவை இருக்கும். டேலி போட்டிருந்தால் அதன் 'டேட்டா' ஃபோல்டர் தனி, அதையும் கேட்டு வாங்க வேண்டும். இந்த நாலு பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள். எடுத்த பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு குழுவின் கணக்கையாவது திறந்து கண்ணால் பார்த்த பிறகுதான் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது பழைய கம்ப்யூட்டருக்குத்தான். விண்டோஸ் 10, 11 உள்ள புது மடிக்கணினிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கையே பூட்டி வைக்கும் 'பிட்லாக்கர்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் அரிசிப் பானைக்கும் பூட்டு உண்டு. சில சமயம் அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லாமல் யார் வந்தாலும் கணக்கை எடுக்க முடியாது. புதிதாக மடிக்கணினி வாங்கிய கூட்டமைப்புகள், பழகிய ஒருவரை வைத்து அந்த எண்ணை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு ஆதரவை முடித்துவிட்டது. கணக்கு எழுத, பிரிண்ட் எடுக்க அவை போதும். இன்டர்நெட்டில் வங்கி வேலை பார்க்க வேண்டாம்.

பூட்டுப் போட்டுக் காசு கேட்கிறவர்கள்

'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்' என்று திரையில் வந்தால் போன் செய்யாதீர்கள். எந்தக் கம்பெனியும் அப்படி எண் போட்டுக் கூப்பிடுவதில்லை. சிலர் அவர்களாகவே போன் செய்து, 'வைரஸ் இருக்கிறது, சரி செய்து தருகிறோம்' என்று இன்டர்நெட் வழியாக உள்ளே நுழைவார்கள். காசு தர மறுத்தால் பழைய விண்டோஸில் இருந்த 'சிஸ்கீ' என்ற வசதியை வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். பல நாடுகளில் இப்படி ஏமாந்தார்கள். 2017-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரில் அது இன்னும் இருக்கிறது. இப்படி நடந்து பணமும் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது.

பாஸ்வேர்டு யாருடையது?

அந்த 2012 சம்பவத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. "பாஸ்வேர்டே வேண்டாம், பழையபடி நேரா திறக்கட்டும்" என்றார் ஒருவர். அந்த 'ஏ.எஸ்.பி. நெட்' பெயரை யூசர் அக்கவுண்ட்ஸில் எடுத்துவிட்டால் அப்படித் திறக்கும்தான். ஆனால் அதற்குள் 11 குழுவின் வங்கிக் கணக்கு எண், யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், யார் தவணை தவறினார் என்பது எல்லாம் இருக்கிறது. தெருவில் போகிறவர் வந்து திறக்கிற மாதிரி வைக்கலாமா? நாங்கள் பாஸ்வேர்டு வைப்பது என்றே முடிவு செய்தோம். அந்தப் பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணுக்குச் சொந்தமில்லை, கூட்டமைப்புக்குச் சொந்தம். அந்தப் பெண்ணின் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணிடம் சாவியைக் கேட்டு வாங்காதது நாங்கள்தான்.

அப்போது போட்ட தீர்மானத்தை அப்படியே தருகிறோம். விரும்பும் குழுக்கள் தங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

"அலுவலகக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டுப் பீரோவில் வைப்பது எனவும், உறையைப் பிரிக்க நேர்ந்தால் இருவர் முன்னிலையில் பிரித்து, பாஸ்வேர்டை மாற்றி, புது உறை வைப்பது எனவும், கம்ப்யூட்டர் பணியாளர் விலகும் நாளில் பாஸ்வேர்டு மாற்றப்படும் எனவும், மாதம் ஒருமுறை கணக்குகள் இரண்டு பென் டிரைவில் எடுக்கப்பட்டு ஒன்று பீரோவிலும் மற்றொன்று பொருளாளர் வீட்டிலும் வைக்கப்படும் எனவும், கையால் எழுதும் பேரேடு நிறுத்தப்படாது எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கூட்டத்தில் கேள்வி கேட்ட ஊக்குநரின் கம்ப்யூட்டரைப் போன வாரம் போய்ப் பார்த்தோம். விண்டோஸ் 7. திரையில் இரண்டு பெயர். ஒன்று குழுவின் பெயர். இன்னொன்று பரீட்சை லீவில் கேம் விளையாட வந்த அவர் அக்கா மகன் தனக்கென்று உண்டாக்கி, பாஸ்வேர்டும் போட்டுக்கொண்டது. நாலு நாளாக இவர்கள் அந்தப் பையன் பெயரைக் கிளிக் செய்துவிட்டுத் தவித்திருக்கிறார்கள். குழுவின் பெயரைக் கிளிக் செய்ததும் திறந்துவிட்டது. கணக்கை அன்றே பென் டிரைவில் எடுத்துக் கொடுத்துவிட்டோம். உறை வைக்கும் தீர்மானத்தை வரும் கூட்டத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.